பாரம் சக்கரத்தின் மேல் உட்கார வேண்டும்

பட்டறைக் கேள்வி – பதில்

கேள்வி: பேவர் பிளாக் பதிக்கும் ஒப்பந்த வேலை செய்கிறேன். என்னிடம் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஐந்து பேர் பெண்கள். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி நான்கு வாங்கிப் போட்டேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை, மறுபடியும் சட்டியில் அள்ளித் தலையில்தான் சுமக்கிறார்கள். பழக்கத்தை விட அவர்களுக்கு மனமில்லை போலிருக்கிறது. நல்ல வண்டியாக நாமே செய்துகொள்ள முடியுமா?
– ஓர் ஒப்பந்ததாரர், பல்லடம்

பதில்: பழக்கத்தின் மேல் பழி போடாதீர்கள். 1998-ல் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு கட்டட ஒப்பந்ததாரர் கொண்டுவந்த மாதிரியை அப்படியே பார்த்துப் பத்து வண்டிகள் வெல்டிங் செய்து கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அங்கே போனபோது பத்தும் மதிலோரம் கவிழ்ந்து கிடந்தன. ஒன்றின் மேல் தூக்குச்சட்டியை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த சித்தாள் அம்மா சொன்னார்: "இதைத் தூக்கினால் இடுப்பு போகிறது அண்ணா. சட்டி என்றால் கழுத்தோடு முடிந்தது." அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவர் சொன்னதுதான் சரி.

தள்ளுவண்டி என்பது ஒரு நெம்புகோல். ஒரு முனையில் சக்கரத்தின் அச்சு, மறுமுனையில் கைப்பிடி, நடுவில் பாரம். நான் செய்த வண்டியில் அச்சிலிருந்து கைப்பிடி 140 செ.மீ. தள்ளி இருந்தது. பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 60 செ.மீ. பின்னால் விழுந்தது. 100 கிலோ கலவை ஏற்றினால் கைக்கு வருவது 43 கிலோ. ஐம்பது கிலோ எடைகூட இல்லாத ஒரு பெண் ஒவ்வொரு நடைக்கும் அதைத் தூக்க வேண்டும். தொட்டியை 25 செ.மீ. முன்னால் நகர்த்தினால் அதே கலவைக்குக் கையில் வருவது 25 கிலோதான். இரும்பு கூடுதலாக ஒரு துண்டு வேண்டாம், ஒரு ரூபாய் அதிகம் வேண்டாம். அந்த 25 செ.மீ. எனக்கு அப்போது தெரியாமல் போனதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆகவே பட்டறைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: தொட்டியின் முன்பகுதி சரிந்து சக்கரத்தின் மேலேயே வர வேண்டும். ஆனால் அதற்காகத் தொட்டியை உயரத்தில் ஏற்றிவிடக் கூடாது; பாரம் உயர்ந்தால் வண்டி பக்கவாட்டில் சாயும். சக்கரத்தை முழுக்க பாரத்தின் அடியில் கொண்டுபோகவும் கூடாது. பழைய சீனத் தள்ளுவண்டிகளில் பெரிய சக்கரம் நடுவிலேயே இருந்தது. கைக்குப் பாரமே வராது, சாயாமல் பிடித்துக்கொண்டால் போதும். மூட்டைக்கு அது அருமையான அமைப்பு. நமக்கோ கலவையை முன்னால் கவிழ்த்துக் கொட்ட வேண்டும்.

அடுத்தது கைப்பிடியின் உயரம். இதை அளவு நாடாவோடு வேலையிடத்துக்குப் போய்த்தான் தீர்மானிக்க வேண்டும். உங்களிடம் வேலை செய்பவர்களில் குள்ளமானவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தொங்கும் கையின் விரல் கணு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்துகொள்ளுங்கள். ஐந்தடிப் பெண்ணுக்கு ஏறக்குறைய 65 செ.மீ. வரும். வண்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். ஆறடி ஆளுக்குச் செய்த வண்டியைத் தள்ளும்போது அந்தப் பெண் முழங்கையை மடக்கியே நடக்க வேண்டியிருக்கும். கால் மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும்.

உங்கள் தொழிலுக்கு இன்னொன்றும் உண்டு. கலவைத் தொட்டியிலேயே பிளாக்கையும் அள்ளிப் போடுவது இரட்டை வேலை. குனிந்து போட்டு, குனிந்து எடுக்க வேண்டும், மூலையும் உடையும். நான்கில் இரண்டு வண்டிகளின் தொட்டியைக் கழற்றிவிட்டுத் தட்டையான மேடை அமைக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் சாய்வான தடுப்பு இருக்கட்டும், பக்கங்கள் திறந்திருக்கட்டும். 200 × 100 × 60 மி.மீ. பிளாக் ஒன்று மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முப்பது அடுக்கினால் 85 கிலோவுக்கு மேல் வந்துவிடும், அதோடு நிறுத்துங்கள். பிளாக் பதித்து முடித்த தரையின் மேல்தான் வண்டி வர வேண்டும். மட்டம் பார்த்துப் பரப்பிய மணலில் ஒரு சக்கரத் தடம் விழுந்தாலும் அந்த இடம் பின்னால் பள்ளம் காட்டிவிடும்.

சக்கரத்தின் அச்சுக்கு 6204 என்ற எண்ணுள்ள பேரிங் போடுங்கள், இரு பக்கமும் ரப்பர் மூடியது. திறந்த பேரிங்குக்குள் சிமென்ட் பால் போனால் அது கல்லாகிவிடும்.

கேள்வி: கண்டுபிடிப்பாளர் ஜேம்ஸ் டைசன், சக்கரத்துக்குப் பதிலாகப் பந்து வைத்துச் செய்த தள்ளுவண்டியைப் பற்றி வகுப்பில் படித்தோம். அதை நம் ஊர்க் கட்டட வேலைக்குக் கொண்டுவர முடியாதா?
– பொறியியல் மாணவர், திருச்செங்கோடு

பதில்: 1974-ல் இங்கிலாந்தில் வந்த வண்டி அது. பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலையில் தானே வண்டி தள்ளி அவதிப்பட்ட பிறகுதான் அவர் அதை யோசித்தார். வடிவமைக்கிறவன் முதலில் தள்ளிப் பார்க்க வேண்டும் என்பதை உங்கள் வகுப்பில் சொன்னார்களா? அகலமான பந்து சேற்றில் புதையாது. பிளாஸ்டிக் தொட்டியில் சிமென்ட் ஒட்டாது. இரண்டும் நல்ல யோசனைகள். ஆனாலும் அதை அதிகம் வாங்கியவர்கள் தோட்டக்காரர்கள். கட்டடக்காரர்கள் பெரும்பாலும் பழைய வண்டியையே வைத்துக்கொண்டார்கள்.

நம் ஊரில் அந்தப் பந்து உடைந்தால் எங்கே போவது? 4.00-8 டயரைப் பாருங்கள். ஆட்டோ ரிக்‌ஷாவில் ஓடுகிற அதே அளவு. டியூப் எந்தக் கடையிலும் கிடைக்கும், எந்த முக்கிலும் பஞ்சர் ஒட்டுவார்கள். சேறான இடத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகன்று பதிந்து ஓடும். தொட்டி யோசனையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் செய்தாலும் மூலைகளை வளைத்தே செய்யுங்கள். மூலைக்கு மூலை வெல்டிங் வைத்தால் அந்த இடுக்கில் கலவை இறுகும். மாலையில் சுத்தியலால் தட்டுவார்கள். ஆறே மாதத்தில் தகடு ஓட்டையாகிவிடும்.

கேள்வி: பதினான்கு வருடமாகச் சித்தாள் வேலை செய்கிறேன். கழுத்து வலிக்காகவே தள்ளுவண்டிக்கு மாறினேன். இப்போது கை மரத்துப்போகிறது. புது வண்டி கேட்டால் மேஸ்திரி தரமாட்டார். என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கை மரத்துப்போவதை மருத்துவரிடம் காட்டுங்கள் அம்மா, தள்ளிப்போட வேண்டாம். இருக்கிற வண்டியிலேயே நாளைக் காலை ஒன்று செய்து பாருங்கள். கலவை அள்ளிப் போடுபவரிடம், உங்கள் பக்கம் ஒரு சாண் இடத்தைக் காலியாக விட்டு, சக்கரத்தை ஒட்டியே கொட்டச் சொல்லுங்கள். அளவையும் முக்கால் தொட்டியோடு நிறுத்தச் சொல்லுங்கள். டயரில் காற்று இறங்கியிருந்தால் தள்ளும் பலம் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகும். கெட்டித் தரையில் வேலை என்றால் காற்றை நிறைத்துத் தரச் சொல்லுங்கள். மேஸ்திரி மறுத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 43 கிலோ, 25 கிலோ கணக்கு மேலே இருக்கிறது.