அத்தோவில் ஆகாதது அஜினோமோட்டோவா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். எனக்கு இது ஐந்தாம் மாதம். மாலையானால் நாக்கு அத்தோ (தள்ளுவண்டியில் விற்கும் ஆரஞ்சு நிறப் பர்மா நூடுல்ஸ்) கேட்கிறது. அதில் அஜினோமோட்டோ போடுகிறார்கள், குழந்தையின் மூளைக்கு ஆகாது என்று மாமியார் தடுக்கிறார். வாரம் ஒரு தட்டு சாப்பிடலாமா?

பதில்: மாமியார் தடுப்பதில் நியாயம் இருக்கிறது, காரணம்தான் வேறு.

அஜினோமோட்டோ என்பது வணிகப் பெயர். பொருள் மோனோசோடியம் குளூட்டமேட். அந்தச் சுவையை 1908-இல் ஜப்பானில் கிகுனே இகெடா கடற்பாசியிலிருந்து கண்டறிந்தார். குளூட்டமேட் தக்காளியில் இருக்கிறது, தாய்ப்பாலிலும் இருக்கிறது. நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதியைக் குடலே செலவழித்துவிடும். மிஞ்சுவதும் நஞ்சுக்கொடியைத் தாண்டி எளிதில் போவதில்லை. மூளை பற்றிய அச்சம், 1969-இல் சுண்டெலிக் குட்டிகளுக்கு மிகப் பெரிய அளவில் ஊசியில் ஏற்றிய ஆய்விலிருந்து வந்தது. அத்தோக் கடையில் போடும் சிட்டிகை அந்தக் கணக்கில் வராது. அதிலும் சோடியம் உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான் அஞ்சுவது அந்த ஆரஞ்சு நிறத்துக்கு. கடைக்காரர் நூடுல்ஸைக் கையால் பிசைந்து தட்டில் வைக்கும்போது அவர் விரல்களைப் பாருங்கள், சாயம் ஏறியிருக்கும். இந்தியாவில் 102, 110 போன்ற எண்களுள்ள சில செயற்கை நிறங்களுக்குத்தான் அனுமதி. அவையும் குறிப்பிட்ட உணவுகளில், அளவோடு. பாக்கெட் உணவில் அந்த எண்ணையாவது படிக்கலாம். தள்ளுவண்டியில் என்ன பொடி, எத்தனை சிட்டிகை என்று யாருக்குத் தெரியும்? துணிச்சாயமான ரோடமின் பி கலந்திருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது. எது உணவு நிறம், எது துணிச்சாயம் என்று கண்ணால் பிரிக்க எனக்கும் தெரியாது.

நிறத்தைவிட அவசரமான ஆபத்து, மேலே தூவும் பச்சை முட்டைக்கோஸ். சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியில் லிஸ்டீரியா கிருமி இருக்கலாம். கர்ப்பிணிகளை அது எளிதில் பிடிக்கும், கருவையும் பாதிக்கும். புளித்தண்ணீர் எந்தக் குடத்து நீர் என்பதும் ஒரு கேள்வி.

ஆகவே பிரசவம் வரை வண்டிக்கடை அத்தோ வேண்டாம். (பீச் ஸ்டேஷன் பக்கம் நானும் நின்று சாப்பிடுகிறவன், மனமில்லாமல்தான் எழுதுகிறேன்.) கொதிக்கக் கொதிக்க ஊற்றும் வாழைத்தண்டு சூப் குடிக்கலாம். அத்தோவை வீட்டிலேயே செய்யுங்கள்: வெள்ளை நூடுல்ஸ், மஞ்சள் தூளும் மிளகாய்த் தூளும் சேர்த்துக் காய்ச்சிய பூண்டு எண்ணெய், வறுத்த வெங்காயம், கடலை மாவு, கொதிக்கவைத்து ஆறிய நீரில் கரைத்த புளி. முட்டைக்கோஸை வதக்கிப் போடுங்கள். அஜினோமோட்டோ ஒரு சிட்டிகை வேண்டுமென்றால் போட்டுக்கொண்டு, உப்பைக் குறையுங்கள். ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் உப்பு விஷயத்தில் மருத்துவர் சொல்வதுதான் கணக்கு.

இதுவரை சாப்பிட்டதை எண்ணிக் கலங்க வேண்டாம். காய்ச்சல், உடல்வலி, வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போடாமல் அன்றே மருத்துவரிடம் போய், வெளியில் சாப்பிட்டதையும் சொல்லுங்கள்.