ஆர்வோ பேர்ட்டின் 'டின்டினாபுலி' என்றால் என்ன?

எஸ்டோனியாவில் 1935இல் பிறந்த இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் தன் இசைமுறைக்கு வைத்த பெயர் இது. லத்தீனில் சிறுமணிகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

1968க்குப் பிறகு ஏறக்குறைய 8 வருடங்கள் அவர் மிகக் குறைவாகவே எழுதினார். பழைய தேவாலயப் பாடல்களில் மூழ்கியிருந்தார். குறைந்த சுரங்களே போதும் என்ற தெளிவு அங்கேதான் கிடைத்தது. அப்புறம் 1976இல் 'ஃபியூர் அலினா' என்ற பியானோ இசைத்துண்டு வந்தது.

அதில் இரண்டு குரல்கள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் இரண்டு இசைவரிகள். ஒன்று பக்கத்துப் பக்கத்துச் சுரமாக நகரும். மற்றது அடிப்படையான மூன்று சுரங்களை விட்டு வெளியே போகாது. குழந்தை ஒவ்வொரு படியாக ஏற, பாட்டி சில படிகளில் மட்டும் காலை வைத்து, கையை விடாமல் கூடவே வருவது மாதிரி. சில இடங்களில் இரண்டும் லேசாக உரசும். பெடலை மிதித்தே வைத்திருப்பதால் அந்த உரசல் மணியின் கார்வைபோல மெல்லக் கரையும். ஒரே ஒரு இடத்தில், இடது கை வாசிக்கும் அந்த இரண்டாவது குரல் மூன்று சுர விதியை மீறுகிறது. இசைத்தாளில் அங்கே ஒரு சின்னப் பூ வரைந்திருக்கிறார்! எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

பெயரைப் பார்த்து மணி அடிக்கும் இசை என்று பலர் நினைக்கிறார்கள்; 'ஃபியூர் அலினா'வில் பியானோவைத் தவிர வேறு கருவியே கிடையாது.