நீலம் ஊதாவானால் காம்ப்ளெக்ஸ் கெட்டுவிட்டதா?

எம்.எஸ்ஸி. புராஜெக்ட் செய்யும் மாணவி ஒருவர் கேட்கிறார்: "கோபால்ட் குளோரைடை அசிட்டோனில் கரைத்தேன், நல்ல கருநீலம் வந்தது. இரண்டே நாளில் ஊதாவாகி, இப்போது ரோஸ் நிறத்துக்குப் போகிறது. காம்ப்ளெக்ஸ் சிதைந்துவிட்டதா?"

சிதையவில்லை, தண்ணீர் புகுந்திருக்கிறது. காம்ப்ளெக்ஸ் என்றால் நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும் அயனிகளோ மூலக்கூறுகளோ, அவ்வளவுதான். கோபால்ட்டைச் சுற்றி நான்கே பேர், அதுவும் பெரும்பாலும் குளோரைடு என்றால் நீலம். தண்ணீர் வந்து ஆறு பேராகிவிட்டால் ரோஸ். அசிட்டோனுக்குக் கோபால்ட்டைப் பிடித்துக்கொள்ளும் வலு குறைவு, குளோரைடைத் தன் பக்கம் இழுக்கவும் முடியாது, அதனால் இரண்டும் ஒட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரோ இரண்டையும் சூழ்ந்து பிரித்துவிடும். சந்தேகமென்றால் 2 மி.லி. எடுத்து, உலர்ந்த லித்தியம் குளோரைடு ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள், நீலம் திரும்பிவிடும். சாப்பாட்டு உப்பு கரையாது, அதைப் போட்டுப் பயனில்லை.

தண்ணீர் முதலில் உங்கள் உப்பிலேயே இருக்கிறது. அந்தச் சிவப்புப் படிகம் 10 கிராமில் சுமார் 4.5 கிராம் தண்ணீர்தான். லேப் ஓவனில் 110–120 டிகிரியில் முழுக்க நீலமாகும்வரை வைத்து, டெசிக்கேட்டரில் (ஈரம் புகாத மூடிய ஜாடி) ஆறவிட்டு எடையைப் பாருங்கள், ஏறக்குறைய 5.5 கிராம் நிற்க வேண்டும். தூள் பறக்காமல் கையாளுங்கள், மூச்சில் போனால் புற்றுநோய் அபாயம் உண்டு.

அடுத்தது அசிட்டோன், இதில்தான் எனக்குக் கோபம் வருகிறது. டிரம்மிலிருந்து காற்றின் ஈரம் புகும்படி திறந்த வெளியில் பாட்டிலுக்கு மாற்றி, மேலே ஒரு லேபிள் ஒட்டி விற்கும் ஏஜென்டுகள் இருக்கிறார்கள். 'அன்ஹைட்ரஸ்', அதாவது நீரற்றது, என்று எழுதிய கோபால்ட் குளோரைடு பாட்டிலுக்குள் ரோஸ் தூளை நானே பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற பொய் அது, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். ஆனால் கல்லூரிகளில் குறைந்த கொட்டேஷனுக்குத்தான் ஆர்டர் போகும் என்று விதி வைத்திருக்கும்வரை, சீல் உடையாத பாட்டில் கேட்டுப் போராடுகிற வேலை மாணவர்கள் தலையில்தான் விழுகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோபால்ட்டைச் சூடாக்கி உலர்த்தியதுபோல் ஃபெரிக் குளோரைடை, அதாவது இரும்பின் குளோரைடை, உலர்த்தாதீர்கள். தண்ணீர் சேர்ந்த அந்த மஞ்சள் கட்டி 37 டிகிரியிலேயே உருகும், மேலும் சூடாக்கினால் தண்ணீர் மட்டும் போகாது, ஹைட்ரஜன் குளோரைடு புகையாகக் கிளம்பும், மிஞ்சுவது ஆக்சைடு கலந்த அழுக்கு. நீரற்ற ஃபெரிக் குளோரைடு வேண்டுமென்றால் சீல் பாட்டிலாகவே வாங்குங்கள். தண்ணீரோடு வினைபுரியும் தயோனைல் குளோரைடு என்ற ஆபத்தான திரவம் கொண்டு உலர்த்தும் வழி உண்டு, அதை கைடு பக்கத்தில் இல்லாமல், ஃபியூம் ஹூட் (நச்சுப் புகையை வெளியே இழுக்கும் கூண்டு) இல்லாமல் தொடவே கூடாது.

அப்புறம், மிஞ்சிய நீலக் கரைசலை சிங்க்கில் ஊற்றாதீர்கள், கோபால்ட் கழிவுக்குத் தனி பாட்டில் வையுங்கள்.