பர்னாந்துகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை பெங்களூரில். 'பர்னாந்து' என்ற என் குடும்பப் பெயரைக் கேட்டதும் அலுவலகத்தில் "போர்த்துகீசிய ரத்தமா?" என்கிறார்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலோ அது அடிமைப் பெயர், தூக்கி எறிய வேண்டும் என்று தினமும் சண்டை. இலங்கையில் இருக்கும் பர்னாந்துகள் எங்களுக்கு உறவா? அடுத்த மாதம் மகளுக்கு ஞானஸ்நானம். இந்தப் பெயரை அவளுக்கும் வைக்கலாமா?

ம., பெங்களூரு

அன்புள்ள ம.,

ரத்தக் கதையை விடுங்கள். போர்த்துக்கல்லில் 'பர்னாந்து' ஆளுக்கு வைக்கும் பெயர். குடும்பப் பெயராக அங்கே வழங்குவது பெர்னாண்டஸ். ஞானத்தந்தையின் பெயரோ பாதிரியார் சொன்ன பெயரோ ஞானஸ்நானத்தில் ஒட்டிக்கொண்டு பேரன், பூட்டன் என்று இறங்கி வந்தது. நம் கரையில் வழங்கும் மச்சாது, மோத்தா, ரோச் போன்ற குடும்பப் பெயர்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். மரபணுச் சோதனைக்குக் காசைத் தொலைக்காதீர்கள்.

'அடிமைப் பெயர்' என்பதைப் படித்ததும்தான் சுருக்கென்றது. சில நாட்களாக நானும் இந்தப் பெயர்கள் கரைக்கு வந்த 1530களைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, யார் கையில் இருப்பது என்பதில் உங்கள் முன்னோரான கடலோரப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் வெட்டுக்குத்து. குதிரை வணிகர் ஜான் தா குரூஸின் யோசனைப்படி பரதவர்கள் கொச்சியில் இருந்த போர்த்துகீசியரிடம் ஆளனுப்பிப் பேரம் பேசினார்கள்: எங்கள் கடலைக் காத்துக்கொடு, உன் வேதத்தில் சேர்கிறோம். தூது போனவர்கள் அங்கேயே ஞானஸ்நானம் பெற, பிறகு கரை முழுவதும் ஊர் ஊராகப் பெற்றது. 1538இல் ராமேஸ்வரம் பக்கம் வேதாளையில் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் தரப்புக் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். பேரத்தில் அவர்கள் பங்கு அது. 1542இல் வந்த சவேரியார், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதற்கு மேல் இந்த மக்களுக்கு வேதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று கடிதம் எழுதினார். எப்படித் தெரியும்? அவர்கள் தேடிப்போனது துணையை.

இதில் அடிமை எங்கே வந்தான்? 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். மாதா சுரூபத்தைக் கண்டாலே ஆகாதவர்கள். பெயரைக் கைகழுவ அதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? உங்கள் முன்னோர் பெயரையும் விடவில்லை, மாதாவையும் விடவில்லை. தூத்துக்குடிக்குத் தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்த நகராட்சித் தலைவர் குரூஸ் பர்னாந்துவின் சிலையைத் தாண்டாமலா வளர்ந்தீர்கள்? அந்தச் சிலைக்கு முன்னால் நின்று சொல்லச் சொல்லுங்கள் உங்கள் குழுக்காரர்களை.

நான் வளர்ந்த கடலோர ஊரில் தெருவுக்குத் தெரு பர்னாந்து. கொழும்பிலிருந்து 'அந்தோணி பர்னாந்து, மேலத்தெரு' என்று கடிதம் வந்தால் மேலத்தெருவிலேயே மூன்று அந்தோணி பர்னாந்துகள் இருப்பார்கள். தபால்காரர் ஆலமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி, உறையின் கையெழுத்தை உற்றுப் பார்த்து, "இது சுறாமுள் மகன் எழுத்து" என்று முணுமுணுத்துவிட்டுச் சரியான வீட்டுக்குப் போவார். மற்ற இருவர் 'ஓட்டைச்சட்டி'யும் 'வெள்ளையப்பமு'ம். ஊரில் ஆளை அடையாளம் காட்டியது பட்டப்பெயர்தான். அதை உறையில் எழுதத்தான் எந்த மகனுக்கும் துணிச்சல் இல்லை. உங்கள் தாத்தாவின் பட்டப்பெயர் என்ன? தெரியாது என்றால் ஊருக்கு போன் செய்து, இருக்கிற கிழவிகளிடம் இன்றைக்கே கேளுங்கள். வாட்ஸ்அப் சண்டை எங்கும் போய்விடாது.

இலங்கை விஷயம். மொறட்டுவை, பாணந்துறை, நீர்கொழும்பு பக்கம் தடுக்கி விழுந்தால் பெர்னாண்டோ. பெரும்பாலோர் சிங்களம் பேசும் கராவ என்ற கரையோரச் சமூகத்தார், பௌத்தர்களும் ஏராளம். வர்ணகுலசூரிய, குருகுலசூரிய என்று வம்சப் பெயர் முன்னால் தனியாக நிற்கும். கிரிக்கெட் வீரர் சமிந்த வாஸின் முழுப்பெயரைத் தேடிப் பாருங்கள், மூச்சு வாங்கும். பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் மாமன் மச்சான் ஆகிவிட முடியாது.

மகளுக்கு என்ன பெயர் என்று என்னைக் கேட்கிறீர்கள். உங்கள் மனைவியின் வீட்டுப் பெயர் என்ன? ரோச்சா, மோத்தாவா? கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.