படகை விற்றுப் பைலட் ஆக்க வேண்டுமா?

மண்டபத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகனைப் பைலட் ஆக்கியே தீர வேண்டும் என்று துபாயிலிருக்கும் உங்கள் அண்ணன் வற்புறுத்துவதையும், பெரிய நிறுவனங்களில் கிடைக்காவிட்டாலும் சிறிய சரக்கு விமான நிறுவனத்தில் எளிதாகச் சேர்ந்துவிடலாம் என்று அவர் உறுதி கூறுவதையும், அதற்காக விசைப்படகை விற்கும் யோசனை வீட்டில் எழுந்திருப்பதையும் படித்தேன். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனாலும் ஆறுதலுக்கு முன் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: படகை விற்காதீர்கள்.

சரக்கு விமானம் எளிதான வாசல் அன்று. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். செலவு 50 இலட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். அதன் பிறகும் ஏடிஆர் 72, போயிங் 737 என அந்தந்த விமான ரகத்துக்குரிய டைப் ரேட்டிங் என்ற தனித் தகுதி இல்லாமல் அந்த விமானத்தை ஓட்ட இயலாது. அதற்கு இன்னும் பல இலட்சம். ஒரு சில விமானங்களையே வைத்திருக்கும் நிறுவனத்தில் துணை விமானி இடங்களும் சொற்பமே. ஆளெடுப்பு நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்காது. எந்த ஊரைப் பேஸாகக் கொண்டு குடியிருப்பது என்பதையும் நிறுவனமே தீர்மானிக்கும். மாலையில் சேரும் பார்சல்கள் விடிவதற்குள் அடுத்த நகரத்தை அடைய வேண்டியிருப்பதால், வேலை பெரும்பாலும் நடு இரவில்தான்.

பறப்பதில் தீராத ஆசை உள்ளவர்கள் இதையெல்லாம் தாங்குவார்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஆசை அண்ணனுடையதாகத் தெரிகிறதே தவிர, பையனுடையதாகத் தெரியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் படகு எஞ்சினைப் பிரித்துப்போட்டு, மெக்கானிக்கோடு இருட்டும்வரை அவன் உட்கார்ந்திருப்பதை நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள்.

அவனுக்குரியது விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம், அதிலும் டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கான பி1.1 பிரிவு. ஏரோநாட்டிக்கல் பொறியியல் பட்டத்தோடு இதைக் குழப்ப வேண்டாம். பட்டம் மட்டும் இருந்தால், விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறது என்று கையெழுத்திட முடியாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் டிஜிசிஏ எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ‘கார் 147’ என்ற பராமரிப்புப் பயிற்சி விதியின்படி அங்கீகரித்த பள்ளியில் சேர்ந்து, ஒவ்வொரு பாடத்தேர்விலும் 75 விழுக்காடு பெற்று, இயங்கும் விமானங்களில் கைப்பழக்கமும் பெற்ற பின்னரே உரிமம் கிடைக்கும். குறிப்பிட்ட ரகத்துக்கான பயிற்சி அதற்கும் மேல். பொறுமை தேவைப்படும் பாதைதான். ஆனால் கட்டணமோ பறக்கும் பயிற்சிச் செலவில் ஒரு சிறு பங்கே.

சரக்கு விமானத்தில் இந்த வேலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பயணிகள் விமானங்களுக்குப் பராமரிப்பு பெரும்பாலும் இரவில் நடக்கிறது. இரவெல்லாம் பறக்கும் சரக்கு விமானமோ பகலில் தரையில் நிற்பதால், பொறியாளருக்கு வெயில் வெளிச்சத்திலேயே அது கைக்குக் கிடைக்கிறது. ஏடிஆரின் புரொப்பெல்லர் இதழ்கள் ஒவ்வொன்றையும் விளிம்போடு விளிம்பாகத் தடவி, கல் பட்ட சிறு வெட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். பெட்டிகள் உருண்டு வரும் தள உருளைகள், அவற்றைப் பிடிக்கும் பூட்டுகள், புகை உணர் கருவிகள், பெரிய சரக்குக் கதவின் தாழ்கள் எல்லாம் சோதனைக்கு உரியவை. துரு தேடுவது அன்றாடப் பாடம். உப்புக்காற்று உலோகத்தை என்ன செய்யும் என்பதை உங்கள் பிள்ளைக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ப்ளூ டார்ட் ஏவியேஷன் என்ற சரக்கு விமான நிறுவனம் சென்னையிலிருந்தே இயங்குகிறது என்பதையும் அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்காமல், டிஜிசிஏ பட்டியலில் அதன் பெயர் இருக்கிறதா, பி1.1 பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, இயங்கும் விமானத்தில் பயிற்சி எங்கே தருகிறார்கள் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உறவினர் யாரும் இல்லாத நேரத்தில் பையனிடமும் பேசுங்கள். பறக்கத்தான் வேண்டும் என்று அவனே சொன்னால், டிஜிசிஏ விதிப்படியான மருத்துவச் சோதனையில் அவன் தேறும்வரை எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.