வம்சாவளியும் புல எண்ணும்

அன்புள்ள ஐயா,

நான் மலேசியாவில் ஈப்போவில் வசிக்கிறேன். என் கொள்ளுத்தாத்தா 1930 வாக்கில் மன்னார்குடிப் பக்கமிருந்து இங்கே வந்தவர். அவருக்கு முன்னால் யார் யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வம்சாவளித் தளங்கள் சிலவற்றில் அவர் பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை. கையில் இருப்பது ஒரு பழைய கிரயப் பத்திரத்தின் ஒளிநகல் மட்டும். கொள்ளுத்தாத்தாவின் தம்பி 1958ல் ஊரில் நிலம் விற்றபோது எழுதியது. ஊரில் இருக்கும் பங்காளி ஒருவர் அந்த நிலத்துக்கு வில்லங்கம், அதாவது அதன் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பார்த்தார். அந்தப் பத்திரமே அதில் வரவில்லை. பழைய பதிவெல்லாம் அழிந்துபோயிருக்குமா? இதற்கு மேல் போக வழி உண்டா? கொள்ளுப்பாட்டியின் பிறந்த வீட்டார் நிலம் இல்லாதவர்கள். அவர்களைப் பற்றி எங்காவது எழுதி வைத்திருப்பார்களா?

ஒரு வாசகர், ஈப்போ

அன்புள்ள நண்பருக்கு,

பதிவு அழிந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் பங்காளி போட்டது அநேகமாக இணையவழி வில்லங்கமாக இருக்கும். பதிவுத்துறையின் தளத்தில் பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய விவரங்கள்தான் கணினியில் ஏறியிருக்கின்றன. அதற்கு முந்தியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டித் தேட வைக்க வேண்டும்.

அங்கே போய்த் தேடியும் "வில்லங்கம் இல்லை" என்று வந்தால், இரண்டு காரணங்களைச் சந்தேகியுங்கள். முதலாவது புல எண், அதாவது சர்வே எண். 1979ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் எல்லோரும் யு.டி.ஆர். என்கிறார்களே அதில், உட்பிரிவுகள் ஏராளமாக உடைந்தன. இன்றைய பட்டாவில் இருக்கும் எண்ணைக் கொடுத்து 1958ஐத் தேடினால் வராது. 1958ல் அந்த நிலத்துக்கு என்ன எண் இருந்ததோ அதைக் கொடுக்க வேண்டும். கிராமத்து நிலங்களை எண்வாரியாகப் பதிந்திருக்கும் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணும் உட்பிரிவும் தனிப் பத்தியில் இருக்கும். இரண்டையும் பொருத்திப் பார்த்துவிட்டு மனு எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது அலுவலகம். கிராமங்கள் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. இன்று உங்கள் ஊர் எந்த அலுவலகத்தில் சேர்ந்தது என்பதைவிட, பத்திரத்தின் பின்பக்க முத்திரையில் எந்த அலுவலகம் என்று இருக்கிறது என்பதுதான் முக்கியம். தேடல் அங்கேதான் தொடங்க வேண்டும்.

பெயரை வைத்துத் தேடி ஏன் கிடைக்கவில்லை என்பதும் இதோடு சேர்ந்ததே. மேல்நாட்டுத் தளங்கள் குடும்பப் பெயரை நம்பி இயங்குபவை. நமக்கு அது கிடையாது. பெயருக்கு முன்னால் போடும் தலைப்பெழுத்து தலைமுறைக்குத் தலைமுறை மாறும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது வழக்கம் என்பதால் முத்துசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் முத்துசாமி என்று ஒரே இரண்டு பெயர்கள் நூறு வருஷம் மாறிமாறி வரும். சாதிப் பட்டப்பெயரோ ஊரில் பாதிப் பேருக்குப் பொது. ஆனால் குடும்பத்தின் நிலம் ஒரே இடத்தில் இருக்கும், அதற்கு ஓர் எண் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், யார் யாருக்கு மகன் என்பதை நிலமே வரிசையாகச் சொல்லும்.

உங்களிடம் இருக்கும் 1958 பத்திரத்தை இப்போது எடுத்து மெதுவாகப் படியுங்கள். எழுதிக்கொடுப்பவர், எழுதி வாங்குபவர் இருவரின் தகப்பனார் பெயரும் முதல் வரிகளிலேயே இருக்கும். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான புதையல் அடுத்த பத்தியில், சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. "எனக்குப் பிதுரார்ஜிதமாகப் பாத்தியப்பட்டு" என்று இருந்தால் தகப்பன் வழியில் வந்தது. "சுயார்ஜிதமாக" என்றால் அவரே வாங்கியது, அதற்கு மேல் அந்த நிலத்தில் உங்கள் குடும்பம் இல்லை. "பாகப்பத்திரப்படி என் பாகத்துக்குக் கிடைத்து" என்று இருந்து, கூடவே ஒரு பத்திர எண்ணும் வருஷமும் தந்திருந்தால் உங்களுக்கு யோகம். அந்த ஒரு நகல் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் காட்டும்.

அடுத்து நான்கெல்லை. தகப்பன் நிலத்தைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்ளும்போது அடுத்தடுத்த துண்டாகத்தான் பிரிப்பார்கள். ஆகவே "இன்னார் நிலத்துக்கு வடக்கு" என்று சொல்லப்படும் ஆளுக்கும் விற்பவருக்கும் தகப்பனார் பெயர் ஒன்றாக இருந்தால், பெரும்பாலும் அவர் உடன்பிறந்தவர். தகப்பனார் பெயர் வேறாக இருந்தாலும் அந்தப் பெயரைக் குறித்து வையுங்கள், சித்தப்பா மகனாக இருக்கக்கூடும். சாட்சிக் கையெழுத்துகளையும் விடாதீர்கள். சாட்சி போட வருபவர் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பது சகஜம். கொள்ளுப்பாட்டியின் அண்ணன் தம்பி பெயர் அங்கே ஒளிந்திருக்கலாம்.

சார்பதிவகத்தில் என்னென்ன புத்தகங்கள் உண்டு, யாருக்கு எதைப் பார்க்க உரிமை என்பது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது. நிலம், வீடு பற்றிய ஆவணங்கள் முதல் புத்தகத்தில் படியெடுத்து வைக்கப்படும். அதையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் கேட்கலாம். பிரிவு 57 அதைச் சொல்கிறது. "நீ யார், உனக்கு என்ன பாத்தியம்" என்று கேட்டால் இந்தப் பிரிவை மனுவிலேயே குறிப்பிடலாம். முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரி, இரண்டாம் அட்டவணை சொத்துவாரி. வில்லங்கச் சான்று சொத்துவாரியாகத்தான் வழக்கமாகத் தேடப்படும். உங்களுக்குப் பெயர்வாரி அட்டவணையும் வேண்டும், ஏனென்றால் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறுவதற்கு முன் வேறொரு நிலத்தை அடமானம் வைத்திருக்கலாம். தேடுதல் கட்டணம் வருஷக் கணக்கில் ஏறும். 1900 முதல் 1958 வரை என்று ஒரேயடியாகக் கேட்காமல், 1925 முதல் 1935 வரை, அதாவது அவர் புறப்பட்ட காலத்தை ஒட்டி, முதலில் கேளுங்கள்.

உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் தனியே இருக்கும், வில்லங்கத்தில் வராது. எழுதியவர் இறந்தபிறகு எவரும் நகல் கேட்கலாம். நிலம், வீடு சாராத பிற ஆவணங்கள் இருக்கும் நான்காம் புத்தகத்தின் நகல் சம்பந்தப்பட்டவர்களுக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் மட்டுமே கிடைக்கும்.

கிடைக்கும் பட்டியலில் எந்தப் பத்திரத்துக்கு நகல் கேட்பது? கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினையும், தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரமும் மேல். 1956ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தபிறகு பெண்களிடமும் கையெழுத்து வாங்க வேண்டிய தேவை கூடியது. அதனால் அதற்குப் பிந்திய விடுதலைப் பத்திரங்களில் கட்டிக்கொடுத்த பெண்கள் கணவன் பெயரோடும் ஊரோடும் வருவார்கள். பழைய பத்திரங்களில் நான் முதலில் தேடச் சொல்வது "மைனர்" என்ற சொல்லை. "தனக்காகவும் தன் மைனர் குமாரர்களுக்குக் கார்டியனாகவும் தாயார்" என்று ஒரு விதவை எழுதிக்கொடுத்த பத்திரம் ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். தகப்பன் அதற்கு முன் இறந்துவிட்டார், பிள்ளைகள் இத்தனை பேர், வயது சுமார் இவ்வளவு என்று ஒரே பக்கத்தில் வந்துவிடும். வயதை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம், இரண்டு மூன்று வருஷம் முன்பின் இருக்கும்.

அட்டவணையில் ஒன்றுமே இல்லாத காலங்களும் இருக்கும். 100 ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை, நிலத்தைக் கைமாற்றிக் கொடுத்தாலே போதும். அன்றைக்கு 100 ரூபாய் பெரிய தொகை. வாய்மொழிப் பாகத்துக்கு யாருக்கு எது என்று கூர்ச்சீட்டு எழுதி வீட்டுப் பெட்டியில் வைத்துக்கொண்டவர்களும் நிறைய. ஊரில் பங்காளி வீடுகளில் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், அலுவலகத்துக்குப் போகும் முன்னாலேயே.

1920களுக்கு முந்திய நகல்கள் வந்தால் எழுத்து உங்களைத் தடுமாற வைக்கும். எண்கள் தமிழில் இருக்கலாம். ௲௯௱௨௰௬ என்றால் 1926. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. இந்த நான்கு குறிகள் தெரிந்தால் பாதிப் பத்திரம் விளங்கிவிடும். ஆங்கில வருஷம் இல்லாமல் "அட்சய வருஷம்" என்று மட்டும் இருந்தால் அது 1866ஆகவும் இருக்கலாம், 1926ஆகவும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் அளவு வேலி, மா, குழிக் கணக்கில் வரும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட். விஸ்தீரணத்தை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது அதே நிலமா, வேறா என்று உறுதிசெய்ய முடியும். இன்னொன்று, முதல் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் கையால் எடுத்த படி. மூலப் பத்திரம் அல்ல. பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் உடனே வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

பதிவகம் கைவிடும் இடத்தில் வருவாய்த்துறை துணைக்கு வரும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் 1920களில் மறு நிலவரித்திட்டம் நடந்தது. அப்போது தயாரான பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராகப் பட்டாதாரர் பெயர் இருக்கும். கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறுவதற்குச் சில வருஷம் முன்னால் நிலம் யார் பேரில் இருந்தது என்பதை அதில் பார்க்கலாம். வட்டாட்சியர் அலுவலகம், ஆட்சியர் அலுவலகப் பதிவறை, சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், இந்த வரிசையில் கேளுங்கள். மன்னார்குடி 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், பிறகு நாகப்பட்டினம், 1997 முதல் திருவாரூர். ஓரிடத்தில் இல்லை என்றால் மற்ற இரண்டிலும் கேட்காமல் விடக்கூடாது. கணக்குகளில் பசலி ஆண்டு, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்காண்டு, இருக்கும். ஆங்கில வருஷம் அறிய, பசலியோடு ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு 590ம், ஜனவரி முதல் ஜூன் வரைக்கு 591ம் கூட்டுங்கள். பசலி 1330 என்றால் 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை. கேட்கும்போது வருவாய் கிராமத்தின் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் வழங்கும் ஊர்ப்பெயர் அதற்குள் அடங்கிய ஒரு குக்கிராமமாக இருக்கக்கூடும்.

நிலம் இனாமாக, அதாவது வரி நீக்கியோ குறைத்தோ மானியமாகக் கொடுக்கப்பட்டதாக, இருந்திருந்தால் இன்னும் ஐம்பது அறுபது வருஷம் பின்னால் போகலாம். 1858ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேட்டில் அன்றைய அனுபவதாரரின் பெயர், வயது, முதலில் இனாம் பெற்றவருக்கு அவர் என்ன உறவு என்பதெல்லாம் விசாரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஜமீன் கிராமங்களுக்கு மேலே சொன்ன நிலவரித்திட்டப் பதிவேட்டு வழி பொருந்தாது. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அங்கே அரசின் நிலவரித்திட்டம் வந்தது, அதற்கு முந்தியது ஜமீன் கணக்கு. கன்னியாகுமரிக்காரர்கள் 1956 வரை திருவிதாங்கூர்ப் பதிவுகளைத் தேட வேண்டும். அங்கே வழங்கியது மலையாள நாட்டின் கொல்லம் ஆண்டு.

கொள்ளுப்பாட்டி வீட்டாரைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இருப்பதில் கடினமானது. நம் பதிவேடுகள் வரி வாங்குவதற்காக எழுதப்பட்டவை. வரி கட்டாதவனை அவை திரும்பிப் பார்க்கவில்லை. குடியிருந்த கிராம நத்தமும் வெகுகாலம் வீடுவாரியாக அளக்கப்படவில்லை. ஆனால் வழியே இல்லை என்று விட்டுவிட மாட்டேன். பிறப்பும் இறப்பும் நிலமில்லாதவருக்கும் உண்டு. கிராமங்களின் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் பல இடங்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் இருக்கின்றன. குழந்தையின் பெயரைத் தேடாதீர்கள். பல பதிவுகளில் அந்த இடம் காலியாக இருக்கும், "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் எழுதியிருக்கும். தகப்பன் பெயர், தெரு, தேதி மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்தது பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு. பிறந்த தேதி வாத்தியார் உத்தேசமாகப் போட்டதாக இருக்கலாம், தகப்பன் பெயர் சரியாக இருக்கும். பட்டியல் சாதிக் குடும்பம் என்றால் 1892க்குப் பின் ஒப்படைக்கப்பட்ட பஞ்சமி நிலம் அந்த ஊரில் உண்டா என்று 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியைப் பாருங்கள். நிலம் பிறகு யார் கைக்குப் போயிருந்தாலும், முதலில் பெற்றவர் பெயர் பழைய ஒப்படைப்புக் கோப்பில் இருக்க வேண்டும். குடும்பம் கிறிஸ்தவமானால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது.

மனுக்களைப் பங்காளி பெயரிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு பதிவேடு எந்த அலுவலகத்தில் இருக்கிறது என்றே தெரியாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேட்கலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் அது இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமான உரிமை, மலேசியக் குடிமகன் கேட்டால் தள்ளிவிடுவார்கள். நீங்கள் அங்கிருந்தபடி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கொள்ளுத்தாத்தாவின் பழைய கடவுச்சீட்டு, மலாயா இறப்புச் சான்றிதழ் இரண்டையும் தேடி, அவற்றில் ஊர், தகப்பனார் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1958 பத்திரத்தின் பின்பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்துப் பங்காளிக்கு அனுப்புங்கள். பத்திர எண், வருஷம், புத்தக எண், தொகுதி, பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அவை கையில் இருந்தால் அலுவலகத்தில் தேடுதலே தேவைப்படாது, நேராக அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லலாம்.