நாலு வண்டி மோதினால் யார் மேல் தப்பு? விபத்து இழப்பீடு கேள்வி பதில்

செங்கல்பட்டில் 22 வருடமாக மோட்டார் விபத்து வழக்கு நடத்துகிறேன். கேள்விகளுக்குப் போகும் முன் ஒன்று: விபத்து நடந்த இடத்தில் யார் நீட்டும் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: சிக்னலில் என் கார் நின்றிருந்தது. பின்னால் வந்த வேன் இடித்ததில் என் கார் முன்னால் இருந்த காரில் மோதிவிட்டது. முன் கார்க்காரர் என்னிடம் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்க வேண்டுமா?

கொடுக்காதீர்கள். முன் கார்க்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: அவருக்கு எத்தனை இடி தெரிந்தது? ஒரே இடி என்றால், நின்றிருந்த உங்களை வேன் தள்ளியிருக்கிறது, பொறுப்பு வேனுடையது. இரண்டு இடி என்றால் முதலில் நீங்கள் மோதி, அதற்குப் பிறகு வேன் மோதியிருக்கிறது. அப்போது முன் காரின் சேதத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. வண்டியும் சாட்சி சொல்லும். பிரேக் அடித்துக்கொண்டே மோதினால் காரின் மூக்கு தாழும், முன் காரில் அடி கீழே விழும். நின்ற வண்டி தள்ளப்பட்டால் பம்பர் பம்பரில்தான் படும். அதனால்தான் வண்டிகளை நகர்த்தும் முன் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்கிறேன். வேனின் மூன்றாம் நபர் காப்பீட்டில் அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கும் இடம் உண்டு. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமென்றால் உங்கள் பாலிசியிலேயே ஓடி க்ளெய்ம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான கோரிக்கை) போடலாம். க்ளெய்ம் போடாதவர்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, நோ க்ளெய்ம் போனஸ், போகும்.

மதுராந்தகத்திலிருந்து ஒருவர்: ஷேர் வேனில் போன என் அம்மாவுக்குக் கால் முறிவு. இரண்டு லாரி, ஒரு வேன். மூன்று டிரைவரும் மற்றவரைக் கைகாட்டுகிறார்கள். யார் மேல் வழக்குப் போடுவது?

மூன்று பேர் மேலும், மூன்று இன்சூரன்ஸ் கம்பெனி மேலும் போடுங்கள். யார் தப்பு எத்தனை சதவீதம் என்று கண்டுபிடிப்பது உங்கள் அம்மாவின் வேலை இல்லை. அவர் வண்டி ஓட்டவில்லை. பலர் அலட்சியம் சேர்ந்து ஒருவருக்குக் காயம் என்றால், யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் வாங்கலாம் என்று கெனேயி வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பங்கு பிரிப்பதை அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளட்டும். காயம்பட்டவர் தானும் தப்பு செய்திருந்தால்தான் அவர் பங்கு கழியும். இரண்டையும் குழப்பித்தான் பாதிப் பேர் குறைந்த தொகைக்கு ராஜி ஆகிறார்கள். ராஜித் தாளில் கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: பின்னால் இடித்தவன் மேல்தானே எப்போதும் தப்பு?

இல்லை.

ஒரு லாரி ஓட்டுநர்: நல்லா சொன்னீங்க சார். கார்க்காரர் நடு ரோட்டுல திடீர்னு நிறுத்துவார், 25 டன்னோட நான் எப்படி நிறுத்துறது? கேஸ் மட்டும் என் மேல.

அண்ணே, உங்கள் ஆதங்கம் நியாயம்தான். ஆனால் 25 டன் ஏற்றியவர் அதற்கேற்ற இடைவெளி விட்டுத்தான் வர வேண்டும், அதைச் சட்டம் உங்களிடம்தான் கேட்கும்.

அதே ஓட்டுநர்: இடைவெளி விட்டா அதுல ரெண்டு பைக் நுழையுது சார்.

நுழையத்தான் செய்கிறது. ஜிஎஸ்டி ரோட்டில் தினமும் பார்க்கிறேன். உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு கோவை வழக்கைச் சொல்கிறேன். 2017-ல் நெடுஞ்சாலையில் கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் என்று ஒருவர் காரைச் சட்டென்று நிறுத்தினார். பின்னால் பைக்கில் வந்த இன்ஜினியரிங் மாணவர் காரில் மோதி விழ, அவர் மேல் பஸ் ஏறியது. கால் போய்விட்டது. இழப்பீட்டு வழக்கை முதலில் கேட்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் கார்க்காரரை முழுசாக விட்டுவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவர் மேல் 40 சதவீதத் தப்பு போட்டது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பஸ் 30, மாணவர் 20 என்று மாற்றியது. சைகை காட்டாமல் நெடுஞ்சாலையில் நிறுத்தியதுதான் மூல காரணம் என்றது. மாணவரின் 20 சதவீதம் கழித்தும் 91 லட்சத்துக்கு மேல் கிடைத்தது. ஒரே விபத்து, மூன்று நீதிமன்றம், மூன்று கணக்கு! பிரேக் போட்டவரிடம் கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: இரவில் லைட் இல்லாமல் நிறுத்திய லாரியில் கார் மோதினால்?

2018-ல் ஆர்ச்சித் சைனி வழக்கில், நடு ரோட்டில் விளக்கின்றி நின்ற டேங்கர் மேல்தான் முழுத் தப்பு என்று வந்தது. கார் ஓட்டியவர் பங்கைக் கழிக்கவில்லை.

கேள்வி: அப்பா இறந்துவிட்டார். 42 வயது, தையற்கடை, மாதம் 20,000. அம்மா, பாட்டி, நாங்கள் இருவர். எவ்வளவு கிடைக்கும்?

சொந்தத் தொழில், 40-லிருந்து 50 வயது என்பதால் எதிர்கால வருமானத்துக்கு 25 சதவீதம் கூட்டினால் 25,000. நம்பியிருப்பவர்கள் நால்வர், அதனால் அவர் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 18,750. வருடத்துக்கு 2,25,000. அந்த வயதுக்கு மல்டிப்ளையர், அதாவது வருடத் தொகையைப் பெருக்கும் எண், 14. ஆக 31,50,000. குடும்பத்தினரின் இழப்புக்கும் ஈமச் செலவுக்கும் தனித் தொகை உண்டு. எல்லாம் வருமானத்தை நிரூபிப்பதில்தான் நிற்கிறது. கடை வாடகைச் சீட்டு, கரண்ட் பில், துணி வாங்கிய ரசீது எதையும் எறியாதீர்கள், தம்பி.

கேள்வி: எனக்கு 35 வயது, கை முறிவு. எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: கால் முறிவு. எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: தோள் முறிவு. தோராயமாக எவ்வளவு?

தோராயமாகச் சொல்ல மாட்டேன், மூவருக்கும். எலும்பை வைத்து விலை போடுவதில்லை. கை முறிந்த தச்சருக்கும் கை முறிந்த ஆசிரியருக்கும் தொழிலில் வரும் நட்டம் வேறு. மெடிக்கல் போர்டு சான்றும் சம்பள விவரமும் இல்லாமல் நான் சொல்லும் எண்ணை நம்பி ராஜிக்குப் போய்விடுவீர்கள். மீண்டும் சொல்கிறேன், கையெழுத்து வேண்டாம்.

கேள்வி: பைக்கில் மூன்று பேர் போனோம். இழப்பீடு கிடைக்காதா?

கிடைக்கும். மூன்று பேர் போனதுதான் விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று எதிர்த்தரப்பு காட்டினால்தான் கழிப்பார்கள். 2020-ல் முகமது சித்திக் வழக்கில் தெளிவாகிவிட்டது. அபராதம் தனி.

கேள்வி: எஃப்ஐஆரில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். தோற்றுவிட்டேனா?

இல்லை. தீர்ப்பாயம் தானே விசாரித்து முடிவெடுக்கும். ரஃப் ஸ்கெட்ச் (விபத்து இடத்தைப் போலீஸ் வரைந்த படம்), எம்விஐ ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை) நகல்களை வாங்கிவையுங்கள். எஃப்ஐஆரை ரத்து செய்வது பற்றி கிரிமினல் வக்கீலிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

கேள்வி: எவ்வளவு நாளுக்குள் மனு போட வேண்டும்?

2022 ஏப்ரல் முதல் சட்டத்தில் ஆறு மாதம். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள், அதனால் தாண்டிவிட்டதென்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். நீங்கள் குடியிருக்கும் ஊர்த் தீர்ப்பாயத்திலேயே போடலாம், விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம்.

மதுராந்தகம் நண்பர் மீண்டும்: லாரி முதலாளி ஆள் அனுப்பியிருக்கிறார். 50,000 கொடுத்து ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அம்மா சரி என்கிறார்.

இன்றே தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் அனுப்பிவிடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்லோடு திங்கட்கிழமை காலை அம்மாவை அழைத்து வாருங்கள். படி ஏறச் சிரமம் என்றால் நானே கீழே வருகிறேன்.